கன்னமிடுவோனும் இரத்தப்பழியும்: இல்லத் தற்காப்பின் எல்லைகள்

தனித்து வாழும் முதியோர் மிகுந்துள்ள சபைகளில் பணிபுரியும் ஆயர்கள் இந்நாட்களில் ஒரு வினாவை அடிக்கடி எதிர்கொள்கின்றனர். இரவில் ஒருவன் கதவை உடைத்து உள்ளே வந்தால் என்ன செய்யலாம்? அவனை அடிக்கலாமா? அடியில் அவன் இறந்துபோனால் அது கொலையா, பாவமா? பிள்ளைகள் தொலைநகரங்களில் வேலை பார்க்க, தோட்டத்து வீட்டில் இருவராகவும் சிலவேளை ஒருவராகவும் காலங்கழிப்போர் கேட்கும் வினா இது. 2024 நவம்பரில் பல்லடத்தை அடுத்த சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீடொன்றில் ஒரே குடும்பத்தினர் மூவர் கொலையுண்டனர். 2025 மே மாதத் தொடக்கத்தில் ஈரோடு மாவட்டச் சிவகிரிப் பகுதியில் முதிய தம்பதியர் தம் தோட்டத்து வீட்டில் கொலையுண்டு கிடக்கக் காணப்பட்டனர். இச்செய்திகளை அறிந்து அஞ்சியிருப்பவரிடம் மலைப்பொழிவின் ஓர் அடியைச் சொல்லி எழுந்து வந்துவிடும் ஆயர், அவருக்கு விடையும் அளிக்கவில்லை, ஆறுதலும் அளிக்கவில்லை.

இவ்வினாவுக்குச் சட்டம் ஒரு விடை தருகிறது. திருமறை வேறொரு விடை தருகிறது. இரண்டும் முரண்படுவன அல்ல. எனினும் இரண்டும் ஒன்றே என்று கொள்வதும் பிழை. சட்டம், எது தண்டனைக்குரியது என்று கேட்கிறது. திருமறையோ, அச்செயலுக்குப் பின்னர் மனிதர் கடவுளின் முன் எவ்வாறு நிற்கிறார் என்று கேட்கிறது.

திருமறையில் இப்பொருள்பற்றி நேரடியாகப் பேசும் பகுதி ஒன்றே: யாத்திராகமம் 22:2-3 (எபிரெய மூலத்தில் 22:1-2). ஆடுமாடு திருடுவோன் நான்கு மடங்கோ ஐந்து மடங்கோ ஈடு செலுத்த வேண்டும் என்று சொல்லிவரும் சட்டத்தின் நடுவே, இவ்விரு வசனங்களும் செருகினாற்போல வந்து நிற்கின்றன. திருடன் கன்னமிடுகையில் அகப்பட்டு அடிபட்டு மாண்டால் அடித்தவன்மேல் இரத்தப்பழி இல்லை. ஆனால் சூரியன் உதித்தபின் அது நிகழ்ந்தால் இரத்தப்பழி உண்டு. உடனே சட்டம் தன் பழைய பேச்சுக்குத் திரும்புகிறது: திருடன் ஈடு செலுத்த வேண்டும், அவனிடம் ஒன்றுமில்லையேல் தன் களவுக்காக அவன் விலைப்படவேண்டும்.

நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் ஆண்ட 'கன்னமிடுதல்' என்னும் சொல் மிகப் பொருத்தமானது. 'மஹ்தெரெத்' என்னும் எபிரெயச் சொல் துளைத்தல், தோண்டுதல் என்னும் பொருளுடையது. மண்ணாலும் பச்சைச் செங்கல்லாலும் கட்டிய சுவரைத் தோண்டி உள்ளே நுழைந்தவனைப்பற்றியே சட்டம் பேசுகிறது. நம் நாட்டிலும் கன்னக்கோல் கொண்டு சுவரைத் துளைத்தே திருடர் நுழைந்தனர். காவல் நிலையப் பதிவுகளில் இன்றும் 'கன்னக்களவு' என்னும் சொல் வழங்குகிறது. இருளில் வீடுகளைக் கன்னமிடுவோரை யோபு 24:16 குறிப்பிடுகிறது. பூச்சியும் துருவும் கெடுக்கும் இடத்தில் பொக்கிஷம் சேர்க்கவேண்டாம் என்று இயேசு பெருமான் கற்பித்தபோது, திருடர் செய்வதாக மத்தேயு 6:19 கூறும் செயலும் கிரேக்கத்தில் தோண்டுதலே.

இச்சட்டத்தின் சிறப்பை அறிய அதன் அண்டைநாட்டுச் சட்டங்களை நோக்கவேண்டும். கி.மு. பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹம்முராபியின் சட்டத்தொகுப்பில் 21ஆம் விதி, வீட்டைத் துளைத்தவன் அத்துளையின் முன்னேயே கொல்லப்படவேண்டும் என்று விதிக்கிறது. அது தண்டனை, இரவென்றும் பகலென்றும் வேறுபாடில்லை. யாத்திராகமத்திலோ திருட்டுக்கு மரணம் தண்டனையே அன்று. இருளில் நேர்ந்துவிட்ட மரணத்துக்குப் பழி சுமத்தப்படவில்லை, அவ்வளவே. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில் எழுந்த உரோமப் பன்னிரு பலகைச் சட்டமும் இரவுத் திருடனைக் கொல்ல இடங்கொடுத்தது. பகல் திருடனையோ அவன் படைக்கலம் கொண்டு எதிர்த்தாலன்றிக் கொல்லக்கூடாது என்றது. இருளில் வந்தவன் எண்ணம் இன்னதென்று அறிய வழியில்லை; எத்தனைபேர் என்று தெரியாது; கூவினால் வர ஆளில்லை; சான்று சொல்லவும் ஆளில்லை. விடிந்தபின் இவற்றுள் ஒன்றும் பொருந்தாது. ஆகவே இரவு என்பது இங்கே அச்சத்தின் அளவையும் அறியாமையின் அளவையும் குறிக்கிறதேயன்றிக் கடிகார நேரத்தை மட்டுமன்று.

யூத ரபிமார் இதனை நுட்பமாக விரித்தனர். கன்னமிடுவோன் அவன் செய்யக்கூடிய முடிவை முன்னிட்டே தீர்க்கப்படுகிறான் என்பது மிஷ்னாவின் சன்ஹெதிரின் பகுதி (8:6) தரும் விளக்கம். வீட்டார் எதிர்த்தால் அவன் கொல்வான் என்னும் ஊகமே அடிப்படை. எனில் அவ்வூகம் பொய்யென்று தெரிந்தால்? சூரியன் உதித்தல் என்பதை உவமையாகக் கொண்டு, அவன் உன் உயிர்மேல் நாட்டமில்லாதவன் என்பது சூரிய ஒளிபோல் உனக்குத் தெளிவானால் அவனைக் கொல்லாதே என்று தல்மூத் ஓதுகிறது. தந்தை மகன் வீட்டில் கன்னமிட்டால் மகன் அவனைக் கொல்லலாகாது என்பது அங்கு வரும் எடுத்துக்காட்டு. எதிர்த்தாலும் தந்தை மகனைக் கொல்லான் என்பது வெளிப்படை. துரத்துவோனை ஓர் உறுப்பில் காயப்படுத்தித் தடுக்கக் கூடுமாயிருந்தும் கொன்றுவிட்டவன் கொலைப்பழிக்குரியவன் என்னும் கருத்தும் அதே நூலில் உண்டு. இன்றைய நீதிமன்றங்கள் 'தேவைக்கு மேற்படாத தீங்கு' என்று சொல்வது இதுவே.

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் தற்காப்புரிமையை வகுத்தது. 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இவையே 34 முதல் 44 வரையிலான பிரிவுகளாக, சாரம் மாறாமல், அமைந்துள்ளன. 1837இல் மெக்காலே முதல் வரைவை அளித்தபோது, இந்நாட்டு மக்கள் எதிர்ப்பின்றிக் கொடுமைக்குப் பணிந்துபோகின்றனர், அவர்களுக்குத் துணிவூட்டவேண்டும் என்னும் கருத்தோடு இவ்வுரிமையை விரிவாகவே எழுதினார். (ஆளும் நாட்டினர் ஆளப்படுவோரின் கோழைத்தனம்பற்றிக் கவலையுற்றதில் உள்ள முரணை வாசகர் உணர்வர்.) எனவே நம் சட்டம் பலர் எண்ணுவதுபோல் கஞ்சத்தனமானதன்று. தாக்கப்படுபவன் ஓடித் தப்பவேண்டும் என்று அது கட்டாயப்படுத்துவதில்லை. தன் உடலையும் பிறர் உடலையும், தன் உடைமையையும் பிறர் உடைமையையும் காக்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. தாக்குபவன் சித்தசுவாதீனமற்றவனாகவோ தன்னையறியாத போதையிலோ இருப்பினும் அவ்வுரிமை குறையாது.

உடைமையைக் காக்கும்போது மரணம்வரை செல்லலாகுமா? 41ஆம் பிரிவு (பழைய 103) நான்கு நிலைகளில் மட்டும் ஆம் என்கிறது. வழிப்பறியும் கொள்ளையும் நிகழ்தல். சூரிய அஸ்தமனத்துக்குப் பின்னும் உதயத்துக்கு முன்னும் கன்னக்களவு நிகழ்தல். மக்கள் குடியிருக்கும் இடத்துக்கு அல்லது பொருள் காக்கும் இடத்துக்குத் தீ வைத்தல். மரணமோ கொடுங்காயமோ விளையும் என்று நியாயமாக அஞ்சத்தக்க சூழ்நிலையில் திருட்டோ வீட்டில் அத்துமீறலோ நிகழ்தல். யாத்திராகமத்தின் சூரியன் இந்தியச் சட்டத்தின் நடுவிலும் உதிப்பதை மாணவர் கவனிக்கவேண்டும். பட்டப்பகலில் திறந்த கதவுவழியே நுழைந்து பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவனைத் தடுக்கலாம், பிடிக்கலாம், இன்றியமையாத அளவுக்குக் காயமும் விளைக்கலாம், கொல்ல உரிமையில்லை.

இவை அனைத்துக்கும் மேல் 37ஆம் பிரிவு (பழைய 99) இரு வேலிகளை இட்டிருக்கிறது. அதிகாரிகளின் உதவியை நாட நேரமிருக்குமாயின் தற்காப்புரிமை இல்லை. காப்பதற்குத் தேவையானதைவிட மிகுதியான தீங்கு விளைக்கும் உரிமை ஒருபோதும் இல்லை. எனினும் நள்ளிரவில் அரிவாளுக்கு எதிரே நிற்பவன் தன் அடியைப் பொற்கொல்லன் தராசில் நிறுத்துப் போடவேண்டும் என்று எந்த நீதிமன்றமும் எதிர்பார்ப்பதில்லை. 2010இல் தர்ஷன்சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்வுரிமையின் நெறிகளைத் தொகுத்துரைத்தபோது, நியாயமான அச்சம் இருந்தாலே போதும், உண்மையில் ஆபத்து இருந்திருக்கவேண்டியதில்லை என்பதை வலியுறுத்திற்று. அச்சம் தொடங்கும்போது உரிமை தொடங்குகிறது. அச்சம் நீங்கும்போது உரிமையும் நீங்குகிறது. விழுந்து கிடப்பவனை அடிப்பது தற்காப்பன்று. ஓடுபவன் முதுகில் எறிவதும் பெரும்பாலும் தற்காப்பன்று. நல்லெண்ணத்தோடு தொடங்கி, பழிவாங்கும் முன்திட்டமின்றி, எல்லை கடந்து கொன்றுவிட்டவனுக்குக் கொலைக்குற்றத்தினின்றும் விலக்கு உண்டு. ஆயினும் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் அவன்மேல் நிற்கும்.

தேவையான அளவு என்பதற்கு நம் நாட்டிலேயே தெளிவான காட்சி ஒன்றுண்டு. 2019 ஆகஸ்டில், அன்று திருநெல்வேலி மாவட்டத்திலிருந்த கடையம் அருகே, இரவில் தோட்டத்து வீட்டு முற்றத்தில் அமர்ந்திருந்த முதியவரை முகமூடி அணிந்த இருவர் அரிவாளோடு தாக்கினர். அவரும் அவர் மனைவியும் கைக்குக் கிடைத்த நாற்காலிகளையும் செருப்புகளையும் எறிந்தே அவர்களைத் துரத்திவிட்டனர். அவ்வாண்டுச் சுதந்திர தினத்தன்று தமிழக அரசு அவர்களுக்குத் துணிவுக்கான விருது அளித்தது.

இதற்கு நேர்மாறானது 1963இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த செருபின் கிரகோரி வழக்கு. பீகாரின் சம்பாரணில் ஒருவர், அயல்வீட்டார் தம் கழிப்பிடத்தைப் பயன்படுத்துவதை வெறுத்தார். அயல்வீட்டின் கழிப்பிடச் சுவர் சில நாட்களுக்கு முன்னர் இடிந்து, அது பிறர் பார்வைக்குத் திறந்து கிடந்ததாலேயே அங்கிருந்த பெண்மணி இங்கு வரலானார். எச்சரித்தும் பயனில்லாமையால் இவர் தம் கழிப்பிட வழியில் மின்சாரம் பாயும் உறையற்ற கம்பியைக் கட்டினார். அறிவிப்பு ஏதும் வைக்கவில்லை. பெண்மணி தொட்டு மாண்டார். தம் நிலத்தில் அத்துமீறுவோரைத் தடுக்கும் உரிமை தமக்குண்டு என்னும் வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அத்துமீறி நுழைந்தவராயினும் அவர் சட்டத்தின் காப்புக்குப் புறம்பானவர் ஆகிவிடுவதில்லை என்றும், வருபவரைக் காயப்படுத்தவென்றே பொறி வைக்க நிலத்துக்குரியவருக்கு உரிமையில்லை என்றும் தீர்ப்பாயிற்று. பயிர்க்காவல் என்று சொல்லி வேலியில் மின்சாரம் பாய்ச்சும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் ஒழியவில்லை. பொறிக்குக் கண்ணில்லை. இரவென்றும் பகலென்றும், கொள்ளையனென்றும் குழந்தையென்றும் அது பிரித்தறியாது. யாத்திராகமச் சட்டம் அடிக்கும் மனிதனிடம் கேட்கும் அந்த ஒரே கேள்வியைப் பொறியிடம் கேட்க இயலாது.

பிடிபட்ட திருடனைப் பற்றியும் ஒரு சொல். ஜாமீனில் விடத்தகாத, காவல்துறை நேரே நடவடிக்கை எடுக்கத்தக்க குற்றத்தைத் தம் முன்னே செய்தவனைப் பொதுமக்கள் பிடிக்கலாம். ஆனால் தாமதமின்றி, புதிய நடைமுறைச் சட்டத்தின்படி ஆறு மணி நேரத்துக்குள், காவலரிடம் ஒப்படைக்கவேண்டும். விளக்குக் கம்பத்தில் கட்டி ஊரார் முறைபோட்டு அடிப்பதற்கு எந்தப் பிரிவிலும் இடமில்லை.

இனிப் புதிய ஏற்பாடு. மத்தேயு 5:39ஐ இப்பொருளோடு இணைக்குமுன் சற்று நிதானிக்கவேண்டும். தமிழில் 'கன்னம்' என்னும் சொல்லுக்கு முகத்தின் பகுதியென்றும் திருடன் சுவரில் இடும் துளையென்றும் இரு பொருள் உண்டு. முன்னதைப்பற்றிய கட்டளையை அப்படியே பின்னதற்குப் பொருத்துவது நம் பிரசங்கங்களில் நேரும் குழப்பம். வலக்கன்னத்தில் அறைதல் அக்காலத்தில் உயிருக்கு ஆபத்தான தாக்குதல் அன்று. புறங்கையால் செய்யும் அவமதிப்பு. மேலும் அங்கே அறைபடுபவனும் பொறுப்பவனும் ஒருவனே. இரவில் கதவு உடையும்போதோ பக்கத்து அறையில் மனைவியும் பேரக்குழந்தையும் படுத்திருக்கின்றனர். தன் கன்னத்தைத் திருப்பலாம்; பேரக்குழந்தையின் கன்னத்தைத் திருப்பிக்கொடுக்க யாருக்கும் கட்டளையில்லை. ஓநாய் வருகையில் ஆடுகளை விட்டோடும் கூலியாளை யோவான் 10 பாராட்டவில்லை. திருடன் வரும் சாமம் தெரிந்தால் வீட்டெஜமான் விழித்திருந்து தன் வீட்டைக் கன்னமிடவொட்டான் என்று ஆண்டவரே உவமையில் கூறுகிறார் (மத்தேயு 24:43). உவமையிலிருந்து சட்டம் வடிக்கலாகாது என்பது மெய். எனினும் வீட்டைக் காத்தல் இயல்பான செயலென்றே அவ்வுவமை கொள்கிறது.

ஆனால் மறுபக்கத்தின் கனத்தைக் குறைத்துவிடவும் நமக்கு உரிமையில்லை. வாள் வாங்கச் சொல்லும் லூக்கா 22:36ஐத் தற்காப்புக்கு ஆதாரமாகக் காட்டுவோர், அதே அதிகாரத்தில் அவ்வாள் ஒருமுறை பயன்பட்டதையும், வெட்டுண்ட காதை ஆண்டவர் தொட்டுக் குணமாக்கியதையும் வாசிக்கவேண்டும். உடைமையைப் பொறுத்தவரை புதிய ஏற்பாடு இன்னும் கண்டிப்பானது. நஷ்டத்தைச் சகித்துக்கொள்ளலாகாதா என்று பவுல் கொரிந்தியரை வினவுகிறார் (1 கொரி. 6:7), தங்கள் ஆஸ்திகள் கொள்ளைபோனதைச் சந்தோஷமாய் ஏற்றவர்களை எபிரெயர் 10:34 நினைவுகூர்கிறது. ஆகவே உயிரைக் காப்பதற்கும் நகையைக் காப்பதற்கும் இடையே கிறிஸ்தவ மனச்சான்று சட்டத்தைவிட ஆழமான கோடு கிழிக்கவேண்டும் என்பது நம் கருத்து. இரவுக் கன்னக்களவில் உடைமைக்காகவும் கொல்ல 41ஆம் பிரிவு இடந்தரலாம். பீரோவை உடைப்பவன் மறுபுறம் திரும்பி நிற்கையில், வீட்டார் அனைவரும் பத்திரமாக வெளியேறிவிட்ட பின்னர், பவுனுக்காக ஒரு மனித உயிரை வாங்குவதற்குத் திருவிருந்து மேசையில் பங்குபெறுவோருக்கு இடமில்லை.

பண்டைத் திருச்சபை இங்கே நம்மைவிடக் கடுமையாகவே நின்றது. ஆயுதந்தாங்கிய கள்வனையும் ஞானமுள்ள கிறிஸ்தவன் திருப்பி அடிக்கலாகாது, தன் உயிரைக் காக்கப்போய்ப் பக்தியைக் கறைப்படுத்துவான் என்று அம்புரோசியார் கருதினார். அகஸ்தீனார் தம் 47ஆம் கடிதத்தில் புப்ளிக்கோலாவுக்கு எழுதியபோது, போர்வீரனோ பொது ஊழியனோ அல்லாதவன் தன் உயிர்காக்கப் பிறனைக் கொல்வதைத் தாம் ஒப்புவதில்லை என்றார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அக்குவினாஸ் தோமா வேறு வழி வகுத்தார். ஒரு செயலுக்கு இரு விளைவுகள் இருக்கலாம்: ஒன்று நாடியது, மற்றது நாடாதது. தன்னுயிர் காத்தலை நாடி, மிதமான வன்மையோடு தடுக்கையில் தாக்குவோன் இறந்தால் அது பாவமன்று. பிறனுயிரைவிடத் தன்னுயிரைப் பேண ஒருவன் மிகுதியும் கடமைப்பட்டவன். ஆனால் தனிமனிதன் கொல்வதையே நாடினால் அது பாவம். தம் வாதத்துக்கு அவர் காட்டும் வேத ஆதாரம் கன்னமிடுவோன்பற்றிய யாத்திராகம வசனமே.

இப்பகுப்பு பயனுள்ளது, அபாயமும் உள்ளது. நாடினேனா, நாடவில்லையா என்பதை மனிதர் தமக்குச் சாதகமாகவே நினைவுகூர்வர். சீர்திருத்தத் தலைவர்கள் வேறு கோணத்தில் அணுகினர். 1523இல் உலக அதிகாரம்பற்றி எழுதிய லூத்தர், கிறிஸ்தவன் தனக்காக வாளெடான், அயலானுக்காக எடுக்கலாம் என்றார். 1640களில் உருவான வெஸ்ட்மின்ஸ்டர் பெரிய வினாவிடை, கொலை செய்யாதிருப்பாயாக என்னும் கட்டளையை விளக்குகையில், இன்றியமையாத தற்காப்பை விலக்காகக் குறிப்பிட்டது. கார்ல் பார்த் 1951இல் வெளியிட்ட தம் பெருநூற்பகுதியில் இவ்விலக்கையே ஐயுற்றுநோக்கி, தற்காப்புணர்ச்சி இயற்கையானது என்பதால் மட்டும் அது கடவுளின் கட்டளை ஆகிவிடாது. எல்லைக்கோட்டு நிலையாக மட்டுமே அது கட்டளையாகலாம் என்று வாதித்தார். அவ்வளவு கடுமை நம் தோட்டத்து வீட்டு முதியோருக்குத் தாங்காது எனலாம். எனினும் 'உரிமை' என்னும் சொல்லை ஆயர்கள் தயக்கத்தோடு ஆள அது கற்பிக்கிறது.

காந்தியடிகள் 1909இல் எழுதிய 'இந்திய சுயராஜ்யம்' நூலிலும் வீட்டில் புகுந்த திருடன் வருகிறான். வந்தவன் என் தந்தையானால் ஒருவகையாகவும், அறிமுகமானவனானால் வேறுவகையாகவும், அந்நியனானால் இன்னொருவகையாகவும் நடந்துகொள்வேன் என்கிறார். தல்மூதின் தந்தை இங்கே மீண்டும் நம் முன் நிற்கிறார்! ஆயுதத்தோடு அண்டையாரைத் திரட்டித் திருடனைத் துரத்தினால் பகை ஊரெங்கும் பரவும் என்றும், அவன்மேல் இரங்கிக் கதவைத் திறந்தே வைத்தால் அவன் மனந்திரும்பக்கூடும் என்றும் விரித்துரைத்து, எல்லாத் திருடரும் இவ்வாறு திருந்துவர் என்று தாம் சொல்லவில்லை என்பதையும் அவரே சேர்த்துக்கொள்கிறார். அதே காந்தியடிகள் 1920இல், கோழைத்தனத்துக்கும் வன்முறைக்கும் இடையே ஒன்றைத் தெரிய நேர்ந்தால் வன்முறையையே பரிந்துரைப்பேன் என்றும் எழுதினார்.

வந்தவன் யார் என்பதைப் பொறுத்தே நம் அச்சமும் அமைகிறது என்னும் இவ்வுண்மையில் நம் சமுதாயத்துக்கான எச்சரிக்கை ஒன்று உண்டு. பிறப்பினாலேயே திருடர் என்று முழுச் சமூகங்களையும் பட்டியலிட்ட குற்றப்பரம்பரைச் சட்டம் 1871இல் பிறந்தது. சென்னை மாகாணத்தில் 1947இல் நீக்கப்படும்வரை அது நிலவிற்று. அப்பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மேல் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச்சூடு நடத்தப்பட்டது. சட்டம் போயிற்று, பார்வை முற்றும் போகவில்லை. 2018 பிப்ரவரியில் கேரளத்து அட்டப்பாடியில் உணவுப்பொருள் திருடியதாகப் பழிக்கப்பட்ட பழங்குடி இளைஞர் ஒருவர் பிடிக்கப்பட்டு அடிக்கப்பட்டு மாண்டார். அவ்வாண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், பிள்ளை பிடிப்பவரென்னும் வதந்தியால், கோவிலுக்குச் சென்றுகொண்டிருந்த குடும்பத்தை ஊரார் தாக்க, முதிய பெண்மணி ஒருவர் இறந்தார். இவ்விரண்டிலும் அடித்தவர்கள் தம் ஊரைத் தாம் காப்பதாகவே எண்ணியிருப்பர். தற்காப்பு என்னும் பெயரால் நிகழ்வனவற்றுள் எத்தனை, அறிமுகமற்ற முகத்தின்மேலும் தாழ்த்தப்பட்ட தோற்றத்தின்மேலும் நாம் கொண்ட முன்கருத்தினால் நிகழ்கின்றன? நியாயமான அச்சம் என்று சட்டம் கூறும் சொல்லுக்குள் 'நியாயமான' என்பதை ஆராயும் பணி நீதிபதிக்கு மட்டுமன்று, மறைபோதகருக்கும் உரியது.

ஆயரின் பணி அடி விழுவதற்கு வெகுமுன்னரே தொடங்குகிறது. தனித்து வாழும் முதியோரின் பட்டியல் ஆலயக் குழுவிடம் இருக்கிறதா? இரவில் கூப்பிட்டால் எழுந்து வரும் மூன்று வீடுகள் அவர்களுக்கு உண்டா? நகைகளை வங்கிப் பெட்டகத்தில் வைக்க உதவ ஆளுண்டா? 37ஆம் பிரிவு கூறும் அதிகாரிகளின் உதவியை நாட அவர்களிடம் தொலைபேசி எண்ணேனும் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறதா? இவை இறையியல் அல்ல என்று மாணவர் எண்ணவேண்டாம். அண்டைவீட்டார் வரமாட்டார் என்னும் அறிவே கையில் அரிவாளை எடுக்கச் செய்கிறது.

ஒருவேளை அடி விழுந்து, வந்தவன் இறந்துவிட்டால்? காவல் நிலையத்துக்குத் தாமே அறிவித்தல், உடலை அகற்றாதிருத்தல், நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் கூறுதல் ஆகியவற்றில் ஆயர் அக்குடும்பத்தோடு நிற்கவேண்டும். வழக்குப் பதிவாவது அவர்களை அச்சுறுத்தும். தற்காப்பை நிறுவும் சுமை சாட்சியச் சட்டத்தின்படி குற்றஞ்சாட்டப்பட்டவர்மேல் விழினும், அவர் அதனை ஐயந்திரிபற நிறுவவேண்டியதில்லை. அவ்வாறு நிகழ்ந்திருத்தல் கூடும் என்று காட்டினாலே போதும். அவரே அதனை எழுப்பாவிடினும், சான்றுகளில் அது தென்பட்டால் நீதிமன்றம் கருத்திற்கொள்ளும் என்று 1967இல் முன்ஷிராம் வழக்கில் தீர்ப்பாகியுள்ளது. இதனை வழக்கறிஞர் விளக்குவார். ஆயரும் அறிந்திருத்தல் நன்று.

நீதிமன்றம் விடுவித்தபின்னும் உறக்கம் வராத மனிதர் நம்மிடமே வருவார். நீர் குற்றம் ஒன்றும் செய்யவில்லை என்று தோளில் தட்டி அனுப்புவது எளிது. நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் பசிலியார், போரில் கொன்றவரை முன்னோர் கொலைஞராக எண்ணவில்லை என்று ஒப்புக்கொண்டே, அவர் கைகள் தூயனவல்ல ஆதலால் மூன்றாண்டு திருவிருந்தினின்றும் விலகியிருத்தல் நலம் என்று 13ஆம் விதியில் எழுதினார். கள்வரை எதிர்த்துச் சென்றோரையும் 55ஆம் விதியில் திருவிருந்துக்கு விலக்கினார். அவ்விலக்கை இன்று நாம் மீண்டும் நிறுவவேண்டும் என்பதன்று. குற்றமில்லை என்பதும் துயரமில்லை என்பதும் வேறு என்பதை அவர் அறிந்திருந்தார். நம் வழிபாட்டு முறைகளிலோ அதற்கு இடமே இல்லை. யாத்திராகமம் 22இல் 'இரத்தப்பழி' என்று வரும் அதே எபிரெயச் சொல்லால்தான் சங்கீதம் 51:14இல் தாவீது தன்னை விடுவிக்கும்படி வேண்டுகிறான். அம்மனிதரோடு அச்சங்கீதத்தைத் தனியே ஓதி, இறந்தவனை அவன் பெயர் சொல்லி மன்றாட்டில் நினைவுகூர்ந்து, அவர் விரும்பும் நாளில் திருவிருந்துக்கு அழைத்துவரலாம்.

இறந்தவனுக்கும் வீடொன்று உண்டு. பல வேளைகளில் அது அதே வட்டத்துக்குள், சிலவேளை நம் சபைக்குள்ளேயே இருக்கும். அவன் உயிரோடு பிடிபட்டிருந்தால் ஈடு செலுத்தி, எபேசியர் 4:28 சொல்வதுபோல் தன் கைகளால் பாடுபட்டு, ஒருநாள் பிறருக்குக் கொடுக்கவும் கூடியவனாயிருந்திருப்பான். அவ்வீட்டில் அடக்க ஆராதனையை நடத்த எந்த ஆயர் செல்வார், முதல் வீட்டார் அதனை எவ்வாறு கொள்வர் என்பதைக் குருசேகரக் கூட்டங்களில் முன்கூட்டியே பேசிவைத்தல் வேண்டும். இரு வீடுகளுக்கும் ஒரே ஆயரே செல்லவேண்டும் என்பது நம் எண்ணம்.